ரெண்டு துகாராம், ஒரு சிங்காநல்லூர்

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

போன எபிசோடுல பஞ்சாலைகளைப் பத்திப் பேசினோம். இந்த முறை நம்ம ஊரோட இன்னொரு ஆலை, சினிமா ஆலை. ஆனா நான் சொல்லப் போறது சினிமா வரலாறு மட்டும் இல்லீங்க. காணாமப் போன ஒரு படத்தை, ஒரு குரலை, ஒரு நூலகத்துல எப்படித் தேடுறதுன்னும் சொல்லப் போறேன். தேடிப் பார்த்ததுல எனக்கு எது கிடைச்சது, எது கிடைக்கலைங்கிறதையும் சேர்த்து.

ஆரம்பிச்சது எங்க அம்மிச்சியாலதான். ஒரு ஞாயித்துக்கிழமை டிவியில ஏதோ பழைய படம் ஓடிட்டிருந்தது. அம்மிச்சி சட்டுனு, "எங்கய்யன் கூட சினிமாவுல நின்னுருக்காரு கண்ணு"ன்னாங்க. இருபத்தெட்டு வருஷமா அந்த வீட்டுக்குப் போய்ட்டு வந்துட்டிருக்கேன், இது எனக்குத் தெரியாது. அவங்க அய்யன் மில் தொழிலாளி. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வர்ற வழியில, ஸ்டுடியோ கேட்ல ஆள் எடுக்குறாங்கன்னு கேள்விப்பட்டுப் போய் நின்னாராம். தலையில துண்டைக் கட்டிவிட்டு, பஜனைக் கூட்டத்துல நிக்க வெச்சாங்களாம். சாப்பாடு போட்டாங்களாம். என்ன படம் அம்மிச்சின்னு கேட்டேன். "துக்காராம்னு சொல்லுவாரு"ன்னாங்க.

அப்ப இருந்து ஒரு வருஷமா அந்தப் படத்தைத் தேடிட்டிருக்கேன்.

முதல்ல ஸ்டுடியோ. இப்ப சிங்காநல்லூர்ல நின்னு யார்கிட்டயாவது "சென்ட்ரல் ஸ்டுடியோ எங்கீங்க?"ன்னு கேட்டா போட்டோ ஸ்டுடியோவுக்குத்தான் வழி காட்டுவாங்க. 1930களின் நடுவுல இங்க ஒரு முழு சினிமா ஸ்டுடியோ எழும்பிச்சு. அதுக்குப் பின்னால பி. ரங்கசாமி நாயுடு, சாமிக்கண்ணு வின்சென்ட், ஆர்.கே. ராமகிருஷ்ணன் செட்டியார் மாதிரி கோவைப் பெரும்புள்ளிகள் இருந்தாங்க. ராமகிருஷ்ணன் செட்டியார், சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரோட தம்பி. சாமிக்கண்ணு வின்சென்ட்டைப் பத்தி தனியா ஒரு எபிசோடு பண்ணணும். திருச்சி ரயில்வேயில வேலை பார்த்துட்டிருந்தவர், 1905-ல் டூபாண்ட்னு ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட இருந்து படம் காட்டுற மெஷினை வாங்கிட்டு, வேலையை விட்டுட்டு, ஊர் ஊரா டென்ட் போட்டுப் படம் காட்டக் கிளம்பிட்டார். ஐ.டி. வேலையை விட்டுட்டு யூடியூப் ஆரம்பிக்கிற நம்ம பசங்களுக்கெல்லாம் அவர்தான் முன்னோடி. 1914-ல் அவர் கட்டின வெரைட்டி ஹால் பேர்லதான் டவுன்ல அந்த ரோடே இருக்கு.

அந்த நேரத்துல தமிழ்ப் படம் எடுக்கணும்னா கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ ரயில் ஏறணும். 1933-ல் வின்சென்ட் தயாரிச்ச 'வள்ளி திருமண'மே கல்கத்தாவுல எடுத்ததுதான். சேலத்துல மாடர்ன் தியேட்டர்ஸ், சிங்காநல்லூர்ல சென்ட்ரல்னு வந்த பிறகு அந்த ரயில் பயணம் குறைஞ்சது. கொங்கு நாட்டுல பஞ்சுல வந்த பணம் இருந்தது, பைக்காரா மின்சாரம் வந்திருந்தது. சினிமாவுக்கு இந்த ரெண்டும் வேணும்.

சென்ட்ரல் ஸ்டுடியோவுல என்னென்ன நடந்ததுன்னு ஒரு சாம்பிள் சொல்றேன். தியாகராஜ பாகவதரோட 'சிவகவி' (1943), 'ஹரிதாஸ்' (1944) ரெண்டும் இங்க எடுத்தது. 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி கண்ட படம். எம்.ஜி.ஆர். முதன்முதலா கதாநாயகனா நடிச்ச 'ராஜகுமாரி' (1947) ஜூபிடர் பிக்சர்ஸ் இங்க வெச்சு எடுத்த படம். அதுக்கு வசனத்துல கை கொடுத்த இளைஞர் மு. கருணாநிதி, அந்த நாட்கள்ல சிங்காநல்லூர்லதான் குடியிருந்தார். இப்ப நாம பஸ்ஸுக்கு நிக்கிற ரோட்டுல அவங்கெல்லாம் நடந்து போயிருக்காங்க.

அம்மிச்சி சொன்ன 'துக்காராம்', இந்த ஸ்டுடியோவோட ஆரம்ப காலப் படம். 1938-ல் வந்தது. இயக்கினவர் பி.என். ராவ். துகாராமா நடிச்சவர் முசிறி சுப்பிரமணிய ஐயர். ஆமாங்க, அந்த சங்கீத மேதையேதான். அவர் நடிச்ச ஒரே படம் இது. தெலுங்குலயும் கூடவே எடுத்தாங்க, அதுல சி.எஸ்.ஆர். ஆஞ்சநேயுலு.

படம் எங்க இருக்குன்னு கேட்டா, நான் தேடின எந்த இடத்துலயும் பிரதி இல்ல.

இப்ப இன்னொரு துகாராமைப் பாருங்க. மராத்தியில 'சந்த் துகாராம்', 1936. பூனாவுல பிரபாத் கம்பெனி எடுத்தது, இயக்கினவங்க தாம்லேயும் ஃபத்தேலாலும். 1937 வெனிஸ் திரைப்பட விழாவுல பாராட்டு வாங்கின படம். அதை இன்னைக்கு நீங்க போன்லயே பார்க்கலாம். நான் பார்த்தேன். ஒரே மகான், ரெண்டு வருஷ இடைவெளி, ரெண்டு ஊர். ஒண்ணு இருக்கு, ஒண்ணு இல்ல. ஏன்?

படம் நல்லாயிருந்ததா இல்லையாங்கிறதை விட, பிற்பாடு அந்த இடம் யார் கைக்குப் போச்சுங்கிறது பெரிய காரணம்னு எனக்குத் தோணுது. பிரபாத் ஸ்டுடியோ மூடின பிறகு அந்த வளாகத்துல 1960-ல் திரைப்படக் கல்லூரி வந்தது. 1964-ல் அதே பூனாவுல தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்தது. பி.கே. நாயர்னு ஒரு மனுஷர் அங்க உக்காந்து, நாடு முழுக்க அலைஞ்சு, ரீல் ரீலா பொறுக்கிச் சேர்த்தார். சிங்காநல்லூர் ஸ்டுடியோ மூடினப்ப, பக்கத்துல அப்படி யாரும் இல்ல. ஜூபிடர் சென்னைக்குப் போச்சு, தொழிலும் கூடவே போச்சு. இடம் இடமா மட்டும் மிஞ்சிச்சு.

இன்னொரு காரணம் வேதியியல். 1950கள் ஆரம்பம் வரைக்கும் படச்சுருள் நைட்ரேட்ல ஆனது. அது எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கும், தண்ணி ஊத்தினாலும் அணையாது. எரியலைன்னாலும் நம்ம ஊர் வெயில்ல மெதுவா இளகி, பிசுபிசுப்பாகி, கடைசியில பழுப்புத் தூளாப் போயிடும். அதோட அதுல வெள்ளி இருக்கு. ஓடி முடிஞ்ச படத்தை வெள்ளிக்காகவே எடைக்குப் போட்டாங்க. இந்தியாவோட முதல் பேசும்படம் 'ஆலம் ஆரா' (1931) கூட இன்னைக்கு இல்ல. முதல் தமிழ்ப் பேசும்படம்னு சொல்ற 'காளிதாஸ்', அதே வருஷம் வந்தது, அதுவும் இல்ல. அப்புறம், காப்பகத்துல இருந்தா மட்டும் பத்திரம்னு நினைச்சுடாதீங்க. 2003 ஜனவரி 8-ஆம் தேதி பூனாவுல நைட்ரேட் கிடங்கு தீப்பிடிச்சு, பிரபாத் படங்களோட மூல நெகட்டிவ்கள் உட்பட எரிஞ்சு போச்சு. அதுக்கு முன்னாலயே வேற சுருளுக்குப் பிரதி எடுத்து வெச்சிருந்ததாலதான் அந்தப் படங்களை நாம இன்னும் பார்க்குறோம்.

சரி, படம் இல்ல. அப்ப தேடல் முடிஞ்சுதான்னா, இல்லீங்க. என்னை ரொம்ப யோசிக்க வெச்ச விஷயம் இங்கதான் வருது.

அந்தக் காலத்துல தியேட்டர் வாசல்ல பாட்டுப் புத்தகம் விப்பாங்க. சில பக்கம்தான். முன்னால நடிகர் பேரு, கதைச் சுருக்கம் (முடிவை மட்டும் சொல்லாம "மீதியை வெள்ளித்திரையில் காண்க"ன்னு), அப்புறம் எல்லாப் பாட்டும், பின்னட்டையில ஒரு தைல விளம்பரம். படம் ஓடி முடிஞ்சா அதை யார் வெச்சுக்குவாங்க? கடலை மடிக்கப் போயிடும். ஆனா அது காகிதம், அச்சடிச்ச புத்தகம். 1867-ல் வந்த அச்சகச் சட்டமே புத்தகம் அச்சடிச்சா அரசுக்குப் பிரதி கொடுன்னு சொல்லுச்சு. 1954-ல் வந்த நூல் வழங்கல் சட்டப்படி நாலு நூலகங்களுக்குப் பிரதி போகணும், அதுல ஒண்ணு சென்னை கன்னிமாரா. ரெண்டு சட்டத்துலயும் படச்சுருள் கிடையாது. அதாவது ஒரு லட்ச ரூபாய் செலவு பண்ணி எடுத்த படத்தைச் சேர்த்து வைக்கச் சட்டம் இல்ல, அணா விலைப் பாட்டுப் புத்தகத்துக்கு இருந்தது.

அமெரிக்காவுலயும் இதே கூத்து நடந்திருக்கு, ஆனா நல்லபடியா. 1912 வரைக்கும் அங்க காப்புரிமைச் சட்டத்துல சினிமாவுக்குன்னு இடம் இல்ல. அதனால எடிசன் மாதிரி ஆளுங்க படத்தோட ஒவ்வொரு பிரேமையும் நீளக் காகிதச் சுருள்ல அச்செடுத்து, போட்டோன்னு சொல்லிப் பதிவு பண்ணாங்க. நைட்ரேட் அழிஞ்சது, காகிதம் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல கிடந்தது. பிற்பாடு அந்தக் காகிதத்தைத் திரும்பப் படம் பிடிச்சு, ஏறக்குறைய 3,000 படங்களை மீட்டாங்க.

நமக்குக் காகிதத்துல பிரேம் இல்ல. பாட்டும் பேரும் இருக்கு. அதை வெச்சே தமிழ் சினிமா வரலாறு எழுதலாம்னு காட்டினவர் நம்ம பக்கத்துக்காரர், தாராபுரத்துல பிறந்த தியடோர் பாஸ்கரன். தபால் துறை அதிகாரியா இருந்துக்கிட்டே, பாட்டுப் புத்தகம், பழைய பத்திரிகை, போலீஸ் கோப்புன்னு தேடித் தேடி 1981-ல் 'தி மெசேஜ் பேரர்ஸ்' எழுதினார். 1996-ல் வந்த 'தி ஐ ஆஃப் தி சர்ப்பென்ட்' தேசிய விருது வாங்கிச்சு. பார்க்க முடியாத படங்களைப் பத்தி, பார்க்கக் கிடைச்ச காகிதத்தை வெச்சு எழுதின வரலாறு.

இந்தக் காகிதங்களைச் சேர்த்தவங்கள்ல பெரிய பேரு ரோஜா முத்தையா. காரைக்குடிக்குப் பக்கத்துல கோட்டையூர்க்காரர். தொழில் விளம்பரப் பலகை எழுதுறது. புத்தகம், பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம்னு பேராசிரியர்கள் குப்பைன்னு ஒதுக்கினதையும் சேர்த்து வாங்கி, வீடு முழுக்க அடுக்கினார். 1992-ல் அவர் காலமானதும் அமெரிக்காவுல சிகாகோ பல்கலைக்கழகம் முழுத் தொகுப்பையும் வாங்கிச்சு. வாங்கிக் கப்பல்ல ஏத்தலை. சென்னையிலேயே வெச்சு 1994-ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆரம்பிச்சாங்க. மைக்ரோபிலிம் எடுத்து ஒரு பிரதி அங்க, மூலம் இங்க. இப்ப தரமணியில இருக்கு. பாட்டுப் புத்தகங்கள் மட்டுமில்ல, இசைத்தட்டுகளும் சேர்ந்திருக்கு. இந்த ஒரு முடிவுக்காக அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பெரிய நன்றி. நாம பாட்டுக்கு விசா எடுத்துட்டுப் போய் நம்ம பாட்டைக் கேக்குற நிலைமை வரலை.

இந்த மாதிரி தொகுப்பை எப்படிப் பயன்படுத்துறதுன்னு என் அனுபவத்துல சொல்றேன். நான் மென்பொருள் ஆளு. தேடல் பெட்டின்னா டைப் பண்ணுனதும் வந்துடணும்னு நினைப்பேன். முதல் நாள் ஆன்லைன் அட்டவணையில நாம சாட் பண்ற மாதிரி ஆங்கில எழுத்துல ஊர் பேரை அடிச்சேன். பூஜ்ஜியம். படத்துப் பேரை அடிச்சேன். பூஜ்ஜியம். தொகுப்பு சரியில்லன்னு முடிவே கட்டிட்டேன். தப்பு என்மேலதான். உலகத்துப் பெரிய நூலகங்கள் தமிழை ரோமன்ல எழுத ஒரு விதி வெச்சிருக்காங்க. நம்ம ஒரு தமிழ் எழுத்துக்கு அங்க ஒரே ரோமன் எழுத்து, உச்சரிப்பு எப்படி இருந்தாலும் சரி. 'ச' எங்க வந்தாலும் ஆங்கிலத்தோட மூணாவது எழுத்து, 'எஸ்' வராது. சிங்காநல்லூர்ல நாம போடுற 'ஜி'யும் வராது, 'க'வுக்கு 'கே' மட்டும்தான். துகாராமையே ஒருத்தர் 'துக்காராம்'னும் ஒருத்தர் 'துகாராம்'னும் எழுதியிருப்பாங்க, முன்னால 'பக்த' சேர்ந்தாலும் சேர்ந்திருக்கும். அதனால தேடப் போறவங்க ஒரு பேரோட எல்லா வடிவத்தையும் முதல்ல ஒரு நோட்டுல எழுதிக்குங்க. ரெண்டாவது, படத்துப் பேர்ல கிடைக்கலைன்னா பாடகர், ஸ்டுடியோ, இயக்குநர், வருஷம்னு சுத்தி வளைச்சுத் தேடுங்க. மூணாவது, எல்லாத்தையும் விட முக்கியம், நூலகர்கிட்ட பேசுங்க. போகறதுக்கு முன்னாலயே என்ன வேணும், எதுக்கு வேணும்னு எழுதி அனுப்பினா, அட்டவணையில ஏறாத பெட்டி எதுல இருக்குன்னு சொல்லத் தெரிஞ்ச ஒரே சர்ச் இன்ஜின் அவங்கதான்.

இசைத்தட்டுக்கு வருவோம். முசிறியோட படம் போச்சு, ஆனா குரல் இருக்கு. அவர் 78 ஆர்.பி.எம். தட்டுல பாடின தியாகராஜரோட 'நகுமோமு' அந்தக் காலத்துல வீட்டுக்கு வீடு ஒலிச்சது. இன்னைக்கும் கேக்கலாம். ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம்தான். கச்சேரியில அரைமணி பாடுறவர் மூணு நிமிஷத்துக்குள்ள எதை விட்டார், எதை வெச்சார்னு கவனிச்சுக் கேட்டா அதுவே ஒரு வரலாறு. தட்டை எடுத்துப் பார்க்க வாய்ப்பு கிடைச்சா, நடுவுல ஒட்டின லேபிளோட நிறுத்திடாதீங்க. அதைச் சுத்தியிருக்கிற வழுவழுப்பான இடத்துல சின்னதா ஒரு எண் பொறிச்சிருப்பாங்க. லேபிள் மாறலாம், மறுபதிப்பு வரலாம், அந்த எண் எந்தப் பதிவுன்னு காட்டிக் கொடுத்துடும். நம்ம ஊர் மொழியில சொன்னா, லேபிள் ஃபைல் பேரு, அந்த எண் ஹேஷ்.

இன்னொண்ணு. வீட்டு அட்டாலியில பழைய தட்டு கிடைச்சா, சானிடைசரோ ஸ்பிரிட்டோ போட்டுத் துடைச்சுடாதீங்க. அது அரக்குல செஞ்சது, ஆல்கஹால்ல கரைஞ்சுடும்.

தட்டை டிஜிட்டலாக்குறவங்க ரெண்டு பிரதி எடுப்பாங்க. ஒண்ணு கீறல் சத்தம், இரைச்சல் எல்லாத்தோடவும், எதையும் தொடாம, 24 பிட்ல. இன்னொண்ணு நாம கேக்குறதுக்குச் சுத்தம் பண்ணினது. ஏன் இரைச்சலை வெச்சிருக்காங்கன்னு எனக்கு முதல்ல புரியலை. இன்னைக்கு இரைச்சல்னு நாம வெட்டுறது நாளைக்கு வேற ஒருத்தருக்குத் தகவலா இருக்கலாம். வெட்டினது திரும்ப வராது. கல்கத்தாவுல ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் இந்துஸ்தானி இசைத்தட்டுகளை இப்படித்தான் பெரிய அளவுல சேர்த்து வெச்சிருக்காங்க. சிகாகோ பல்கலைக்கழகத்தோட தெற்காசிய டிஜிட்டல் நூலகத்துல கிரியர்சனோட மொழி ஆய்வுக்காக 1913-க்கும் 1929-க்கும் நடுவுல பதிஞ்ச பேச்சுகளை வீட்டுல இருந்தே கேக்கலாம். தமிழும் இருக்கு. நூறு வருஷத்துக்கு முன்னால ஒரு மனுஷர் கதை சொல்ற தொனி. ஹெட்போன் போட்டுக் கேளுங்க.

ஆனா டிஜிட்டல் ஆக்கிட்டா முடிஞ்சதுன்னு சொல்ற ஆள் நான் இல்ல, என் தொழிலே அது பொய்னு கத்துக் கொடுத்திருக்கு. 2023 அக்டோபர்ல பிரிட்டிஷ் நூலகம் சைபர் தாக்குதல்ல விழுந்துச்சு. உலகம் முழுக்க ஆராய்ச்சி பண்றவங்க பயன்படுத்துற அட்டவணையும் ஒலித்தொகுப்பும் ஒரே நாள்ல எட்டாமப் போச்சு, திரும்ப வர மாசக்கணக்கு ஆச்சு. நைட்ரேட்டுக்குத் தீ மாதிரி சர்வருக்கு இது. பூனாக் கதைதான் இங்கயும், வேற இடத்துல பிரதி இருக்கணும்.

நான் படிச்ச ஒரு கல்லூரி நூலகத்துல, பேரு வேண்டாம், கடைசி ரேக்குக்குப் பின்னால ஒரு இரும்பு பீரோ. உள்ள கேசட், வி.எச்.எஸ்., சி.டி. எல்லாம் இருக்குன்னு பதிவேடு சொல்லும். நாலு வருஷத்துல அதைத் திறந்து நான் பார்த்ததில்ல. போன மாசம் போய்க் கேட்டேன். சாவி வெச்சிருந்தவர் ரிட்டயர் ஆயிட்டார்னாங்க. சாவி கிடைச்சாலும் போட்டுக் கேக்க டெக் இல்ல. அதுல பழைய விழாப் பேச்சுகள், நம்ம ஊர்ப் பெரியவங்க குரல்னு என்ன இருக்கோ. அவங்களைத் திட்டுறதுக்குச் சொல்லலை, நாலு வருஷம் அங்க படிச்ச நானும் ஒரு தடவை கேக்கலை. காந்த நாடாவுக்கும் ஆயுசு உண்டு, அது போய்ட்டிருக்கு. உங்க கல்லூரியிலயும் அப்படி ஒரு பீரோ இருக்கும். போய்க் கேளுங்க.

அம்மிச்சி கதைக்கு வர்றேன். 'துக்காராம்' இல்ல. ஆனா சிங்காநல்லூர்ல எடுத்த 'ஹரிதாஸ்' இருக்கே. அதுவும் பக்திக் கதைதான், அதுலயும் கூட்டம் வரும். அப்பதான் எனக்கு ஒரு சந்தேகம். அம்மிச்சி பிறந்தது 1940-ல். 1938 படத்தைப் பத்தி அவங்க அய்யன் பிற்பாடு சொல்லித்தான் கேட்டிருக்கணும். ஆறு வருஷம் கழிச்சு எடுத்த இன்னொரு பக்திப் படத்தை, பேரு மாத்தி ஞாபகம் வெச்சிருக்கலாமில்லையா? பாட்டுப் புத்தகம் இதுக்கு உதவாது. அதுல கூட்டத்துல நின்னவங்க பேரு எப்பவும் இருக்காது.

லேப்டாப்பை எடுத்துட்டுப் போய் அவங்க முன்னால 'ஹரிதாஸ்' போட்டேன். கூட்டம் வர்ற இடமெல்லாம் நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுட்டு, ஸ்கிரீனுக்குக் கிட்ட வந்து பார்த்தாங்க. ஒரு இடத்துல, பின்னால ரெண்டாவது வரிசையில ஒரு உயரமான ஆளைக் காட்டி, "கொஞ்சம் பின்னுக்குப் போ சாமி"ன்னாங்க. போனேன். மறுபடியும் போனேன். நாலு தடவை. அப்புறம், "நிக்கிற நில்லு அய்யன் மாதிரித்தான் இருக்குது. மூஞ்சி தெரியலியே"ன்னாங்க. அந்த இடம் ஒரு செகண்டு கூட இல்ல.

அன்னைக்கு அவங்க பேசினதை நாற்பது நிமிஷம் ரெக்கார்ட் பண்ணினேன். இரைச்சல் எடுக்காத பிரதி ஒண்ணு, எடுத்த பிரதி ஒண்ணு, மூணு இடத்துல வெச்சிருக்கேன். கூட ஒரு குறிப்புக் கோப்பு: பேசினவர், தேதி, ஊர், யாரைப் பத்தி. 'படம்'ங்கிற கட்டத்துல ரெண்டு பேரையும் போட்டு, ரெண்டுக்கும் பக்கத்துல கேள்விக்குறி வெச்சிருக்கேன்.

அடுத்த எபிசோடு பட்சிராஜா ஸ்டுடியோ, ஆறு மொழிக்குப் போன 'மலைக்கள்ளன்' கதை. பார்க்கலாமுங்க.